பதினான்காம் அறையின் கைக்குட்டைகள்

தீவின் அகாவா ஹோட்டலில் தங்கியவர் யாராக இருந்தாலும், அவருடைய துணி ஒரு முறை அங்கே துவைக்கும் டின்காவின் கைக்குப் போனால் அறை எண் அதில் ஏறிவிடும். சட்டை என்றால் கழுத்துப்பட்டையின் உள்பக்கம், கைக்குட்டை என்றால் ஒரு மூலை, காலுறை என்றால் மேல் விளிம்பு. சிவப்பு நூலில் கோதுமை மணி அளவுக்குத் தைப்பாள். எத்தனை முறை துவைத்தாலும் அந்த நூலில் சாயம் போகாது. ஒரு கோடையில் வந்துபோன செக் நாட்டுப் பல் மருத்துவர் எட்டு வருடம் கழித்து ஹோட்டலுக்குக் கடிதம் எழுதினார்: என் காலுறையில் இன்னும் இருபத்திரண்டு இருக்கிறது, மனைவியை விட அது நீடித்திருக்கிறது என்று. ஹோட்டல் நிர்வாகி பர்துல் அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். டின்கா மட்டும் அந்த மருத்துவரின் மனைவி செத்துப்போனாளா, விட்டுப்போனாளா என்று கேட்டாள்.

அவள் கணவன் சிலி நாட்டு வெடியுப்புச் சுரங்கத்துக்குப் போய்ப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. முதல் மூன்று வருடம் கடிதம் வந்தது. பிறகு நின்றது. குழந்தை இல்லை. நிலவறையில், மழைநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த துணி அறைதான் அவளுக்கு எல்லாம். அதன் சாவி அவள் இடுப்பில் இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையிலிருந்து ஒரு முகம் துடைக்கும் துண்டுகூடக் காணாமல் போனதில்லை. தீவில் பெண் பார்க்கிறவர்கள் கூட, ‘டின்கா மாதிரிக் கை சுத்தம்’ என்று சொல்வதுண்டு. அவளிடம் வேறு சொத்து கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடம் ஏப்ரலில், போரின் நடுவே, இத்தாலியர்கள் தீவைப் பிடித்தார்கள். கடல் பார்த்த அறைகளை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் குளிர் தொடங்கும்போது பின்பக்கத்து அறைகளுக்கு யூதர்கள் வந்தார்கள். ஸரயேவோவிலிருந்து, ஜெர்மானியர்களோடு சேர்ந்து யூதர்களைக் கொன்றுகொண்டிருந்த உஸ்தாஷாக்களின் கையிலிருந்து தப்பி வந்தவர்கள். இத்தாலியர்கள் அவர்களைத் தீவுக் காவலில் வைத்திருந்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, தினமும் இரண்டு முறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மற்றபடி உயிரோடு இருக்கலாம். ஏதாவது தப்பு செய்தால் படகில் ஏற்றி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். அப்படிப் போன இரண்டு குடும்பங்களைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான். ஜன்னல் ஓரம் அதிகாரிகள், சமையலறைக் கதவோரம் யூதர்கள், இடையில் யாரும் உட்காராத இரண்டு மேசைகள். அதிகாரிகளுக்கு மீனும், மற்றவர்களுக்குக் கீரைச் சூப்பும் சோளக்களியும். துணி மட்டும் எல்லோருக்கும் ஒரே தொட்டியில் வெந்தது. சோப்பு தீர்ந்துபோய் அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் துவைக்க வேண்டிய காலம். கைகள் வெடித்து, நூல் கோக்கும்போது எரியும். எண் போடுவதை மட்டும் டின்கா நிறுத்தவில்லை. ‘யார் போடச் சொன்னாங்க? இவங்க என்ன கோடைக்கு வந்தவங்களா?’ என்று சமையல்காரன் ஷிமே கேலி செய்தான். துணி கலந்தால் உன் உள்ளாடை காவல் நிலையத் தலைவருக்குப் போய்விடும், பரவாயில்லையா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

காவல் நிலையத் தலைவரை எல்லோரும் மரெஷால்லோ என்றே அழைத்தார்கள். ஸ்பதாரோ என்று பெயர். மூன்றாம் அறையில் இருந்தார். வயிற்றுப் புண்காரர். அவருடைய ஒவ்வொரு சட்டைக் கழுத்திலும் ஒரு சிவப்பு 3 இருந்தது.

பதினான்காம் அறையில் கபீல்யோ தம்பதி. அவர் தொப்பி வியாபாரி. கடையையும் வீட்டையும் ஒரே காலைப்பொழுதில் விட்டுவிட்டு வந்தவர். ஆனாலும் மேசைக்கு வரும்போது தலைமுடி படிந்திருக்கும், கழுத்துப்பட்டை விறைப்பாக இருக்கும். மனைவி ரீஃப்கா அதிகம் பேசமாட்டாள். திங்கட்கிழமை தோறும் துணி மூட்டையைத் தானே கீழே கொண்டுவந்து கொடுப்பாள். ஐந்து சட்டை, ஆறு கைக்குட்டை, நான்கு ஜோடி காலுறை. அவளும் டின்காவும் ஒன்றாக எண்ணுவார்கள். வியாழக்கிழமை திரும்ப வாங்கும்போதும் ஒன்றாக எண்ணுவார்கள். டின்கா ஸரயேவோவைப் பற்றிக் கேட்டதில்லை. ரீஃப்கா சிலியைப் பற்றிக் கேட்டதில்லை.

நாற்பத்து மூன்று ஜனவரியில் கபீல்யோ மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. ரீஃப்கா ஏழு நாள் அறைத் தரையில் உட்கார்ந்து துக்கம் காத்தாள். துக்க நாளில் முகம் பார்க்கும் கண்ணாடியை மூடிவைப்பது அவர்கள் வழக்கம், அதற்கு ஒரு துணி வேண்டும் என்றார்கள். டின்கா அலமாரியின் மேல் தட்டிலிருந்து, விசேஷ விருந்தாளிகளுக்கு என்று வைத்திருந்த லினன் விரிப்பை எடுத்துப்போய் மூடினாள். ஏழு நாளும் சூப்பை அவளே மேலே கொண்டுபோனாள்.

எட்டாம் நாள் ரீஃப்கா கீழே வந்தாள். கையில் கணவனின் ஐந்து சட்டைகள்.

“மலையில பசங்க குளிர்ல கெடக்காங்கன்னு கேள்விப்பட்டேன்,” என்றாள். “உங்களுக்கு வழி தெரியும்னா கொடுத்துடுங்க. பெட்டியில வெச்சா பூச்சிதான் தின்னும்.”

வழி தெரியும். ஷிமேயின் மைத்துனன், இத்தாலியர்களை எதிர்த்து மலையில் ஒளிந்திருந்த பார்ட்டிசான் படையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மீன் கூடைக்கு அடியில் ஷிமே என்னென்னவோ அனுப்பிக்கொண்டிருந்தான். டின்காவுக்கு அது தெரியும், தெரியாத மாதிரி இருந்தாள். இப்போது அவனிடம் சொன்னாள். எண்ணைப் பிரித்துவிட்டுக் கொடு என்று அவன் சொன்னான். அதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

அன்றே ஐந்து சட்டைகளிலும் பதினான்கை ஊசி முனையால் கிளறிப் பிரித்தாள். பிரித்த சிவப்பு நூல் துணுக்குகளை அடுப்பில் போட்டாள். சட்டைகளைத் துவைத்தாள். உப்புக்காற்றில் காயப்போட்டாள். மறுநாள் மதியம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சாம்பல் நிறக் கோடு போட்ட கம்பளிச் சட்டையில் ஒரு பொத்தான் தொங்குவதைப் பார்த்தாள். ஊசி எடுத்தாள். பொத்தானைத் தைத்தாள். அப்போது ஜன்னல் ஓர மேசைக்கு விரிப்பு கேட்டு மேலிருந்து ஆள் வந்தது. போய்வந்து மறுபடி உட்கார்ந்தபோது ஊசி கையில்தான் இருந்தது, மடியில் ஒரு சட்டை கிடந்தது, அதன் கழுத்தில் எண் இல்லை. எண் இல்லாத துணி அந்த அறையை விட்டுப் போனது கிடையாது. இருபத்திரண்டு வருடம் பழகிய கை, தலையைக் கேட்காமல் சிவப்பு நூலில் தன் வேலையைச் செய்தது.

சட்டைகள் மீன் கூடைக்கு அடியில் மலை ஏறின.

மார்ச்சில் மேல் ஊர்ப் பாதையில் சண்டை நடந்தது. இறந்த பார்ட்டிசான் ஒருவனைத் துறைமுகக் கல்லில் கிடத்தி, ஊர்க்காரர்களை வரிசையாகக் கடந்துபோகச் சொன்னார்கள். யாராவது அழுதால் அவன் யாரென்று தெரிந்துவிடும் என்ற கணக்கு. அவன் வேற்றூர்ப் பையன். யாரும் அழவில்லை. டின்காவும் கடந்துபோனாள். சாம்பல் கோட்டுச் சட்டையைப் பார்த்தாள். தான் தைத்த பொத்தானையும் பார்த்தாள். நடந்து ஹோட்டலுக்கு வரும்வரை எண் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. துணி அறைக் கதவில் சாவியைப் போடும்போது வந்தது. கை அதைத் தைத்தது, விரல் நுனிக்கு அது நினைவிருந்தது. கதவைத் திறந்தாள்.

பிறகு மதியச் சாப்பாட்டுக்குக் கைத்துண்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு மேலே போனாள். வேலை நேரம் அது.

அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது மரெஷால்லோ சமையலறைக் கதவோரம் நின்றிருந்தார். அந்தப் பக்கத்துக்கு அவர் வந்ததே இல்லை. கையில் கத்தரித்தெடுத்த கழுத்துப்பட்டை ஒன்று. அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி மேசை மேல் வைத்தார். பிறகு தன் சட்டைக் கழுத்தை விரலால் புரட்டிக் காட்டினார். இரண்டு எண்களும் ஒரே நூல், ஒரே கை.

“பதினாலுல யாரு?” என்றார்.

எல்லோருக்கும் தெரிந்த பதில்தான். ரீஃப்கா எழுந்து நின்றாள்.

“இது உங்க வீட்டுக்காரர் சட்டையா?”

“ஆமா.”

“எப்படி மலைக்குப் போச்சு?”

ரீஃப்கா பொய் சொல்லிப் பழகாதவள். என்ன சொல்வது என்று தேடிக்கொண்டு நின்றாள். அந்தத் தேடலே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று டின்கா கண்டாள். இன்னும் இரண்டு மூச்சுக்குள் அவள் வாய் திறப்பாள், உண்மையைச் சொல்வாள், நாளைப் படகில் ஏறுவாள்.

டின்கா கைத்துண்டு அடுக்கை யாரும் உட்காராத மேசையில் வைத்தாள்.

“அவங்களைக் கேட்டா என்ன தெரியும்? திருடுனது நான்.”

பர்துல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மரெஷால்லோ திரும்பினார். டின்கா அவரைப் பார்க்காமல் ரீஃப்காவைப் பார்த்துப் பேசினாள். சத்தமாகவே பேசினாள், சந்தையில் சண்டை போடுகிறவள் மாதிரி.

“என்ன முழிக்கிறீங்க ரீஃப்கா அம்மா? ஏழு நாள் தரையில உக்காந்து அழுதீங்களே, அப்ப அலமாரியைத் திரும்பிப் பாத்தீங்களா? சூப்பு கொண்டாந்தவ சும்மா திரும்பிப் போவாளா? செத்தவருக்கு எதுக்குச் சட்டை? நெரெத்வா ஆத்துப் பக்கத்துலருந்து வந்த ஒரு படகுக்காரன் அஞ்சு சட்டைக்கு ஒரு பை சோளமாவு குடுத்தான். அவன் யாருக்கு வித்தானோ, மலையில எவன் போட்டானோ, நானா கூடப் போய்ப் பாத்தேன்?”

ஷிமே சமையலறைக் கதவில் கரண்டியோடு நின்றிருந்தான். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தது. அவன் வாயைத் திறந்தால் மூன்று பேர் போவார்கள். திறக்கவில்லை.

மரெஷால்லோ ரீஃப்காவிடம் கேட்டார். “இவ சொல்றது நிஜமா?”

ரீஃப்கா டின்காவைப் பார்த்தாள். நீண்ட பார்வை. பிறகு முகம் இறுகிற்று. கடையில் தொப்பி திருடி அகப்பட்டவனைப் பார்க்கிற முகம் அது.

“நிஜம்தான்,” என்றாள். “சட்டை மட்டும் இல்ல. என் கைக்குட்டை ஆறும் போச்சு. இவதான் எடுத்திருக்கணும்னு அப்பவே நெனச்சேன். நானே வீடில்லாதவ, யார்கிட்டப் போய்ச் சொல்றதுன்னு இருந்துட்டேன்.”

கைக்குட்டைகளைப் பற்றி டின்கா எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் பொய்க்குச் சட்டை போதும். அந்தச் சொல் அவளுக்குள் ஒரு முள் மாதிரி இறங்கிற்று. பொய்யை உறுதியாக்க இவள் கையிலிருந்து போட்டதா, இல்லை நிஜமாகவே காணாமல் போய், இத்தனை நாள் தன்னைச் சந்தேகித்துக்கொண்டிருந்தாளா? யோசிக்க நேரம் இல்லை. “ஆமா, அதுவுந்தான்,” என்றாள்.

இருபத்திரண்டு வருடம், இருபத்திரண்டு வருடம் என்று பர்துல் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையாகவே அடிபட்ட குரல். அந்தக் குரலால்தான் மரெஷால்லோ நம்பினார் என்று டின்கா பின்னால் நினைத்துக்கொள்வாள். பர்துல் கையை நீட்டினார். இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து அவள் கொடுத்தாள்.

பெருநிலத்தில் ஒரு சிறை. நான்கு மாதம். அங்கேயும் துணி துவைக்கத்தான் விட்டார்கள். அங்கே யார் துணிக்கும் எண் இல்லை, எல்லாம் ஒரே சாக்கு நிறம்.

ஜூலை கடைசியில் திரும்பி வந்தாள். துறைமுகத்தில் இறங்கும்போது தெரிந்தவர்கள் வலை பழுது பார்ப்பதில் மும்முரமானார்கள். டின்காவுக்கு இடம் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரி வாசலுக்கு வந்து, காய்ந்துகொண்டிருந்த தன் துணிகளை அவசரமாக உருவிக்கொண்டு உள்ளே போனாள். வேறு தொழில் தெரியாததால் டின்கா வீடுகளில் துவைக்கக் கேட்டாள். இரண்டு வீட்டில் கொடுத்தார்கள். கொடுக்கும்போது அவள் முன்னாலேயே எண்ணினார்கள். வாங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எண்ணினார்கள், அவள் வெளியே காத்திருந்தாள். செத்த வீட்டில் சூப்பு கொண்டுபோய்த் திருடியவள் என்ற கதை அவள் இல்லாத நான்கு மாதத்தில் நன்றாக வளர்ந்திருந்தது. கபீல்யோவின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினாள் என்பது வரைக்கும் போயிருந்தது.

ஷிமே இருட்டுகிற நேரத்தில் ஒரு முறை வந்தான். உப்பிட்ட மத்தி மீன் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தான். உன்னால்தான் நான் இருக்கிறேன் என்ற மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் விட்டான். போகும்போது வாசலில் நின்று கேட்டான்.

“சட்டை விஷயம் எனக்குத் தெரியும் டின்கா. அந்தக் கைக்குட்டை... அது என்ன?”

அவள் அவனையே பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். மறுநாள் மத்தி மீன் இருந்த தட்டை அவள் திருப்பிக் கொடுத்தனுப்பினாள், கழுவித் துடைத்து, ஒரு வரி சேதி இல்லாமல்.

ரீஃப்காவை அவள் தூரத்திலிருந்து பார்த்ததுண்டு. கையெழுத்துப் போட நிலையத்துக்குப் போகும் வரிசையில் இருப்பாள். ஒரு நாள் காற்றில் கண் நிறைந்து, ரீஃப்கா சட்டைக்கையின் முனையால் துடைத்துக்கொண்டாள். எப்போதும் மடித்த கைக்குட்டையோடு இருந்தவள். அப்படியானால் அது நிஜமாகவே காணாமல் போயிருக்கிறது என்று டின்கா நினைத்தாள். யார் எடுத்திருப்பார்கள் என்று துணி அறை அலமாரியின் ஒவ்வொரு தட்டையும் மனதில் திறந்து பார்த்தாள். ஒரு திங்கள் எண்ணிக்கையிலும் பிசகு இல்லை.

செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. மரெஷால்லோ தன் பெட்டியோடு முதல் படகில் போய்விட்டார். மலையிலிருந்து பார்ட்டிசான்கள் பாடிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு நாள் கொண்டாட்டம். மூன்றாம் நாள், ஜெர்மானியர்கள் வருகிறார்கள் என்ற பேச்சு. யூதர்களைக் கடலுக்கு அப்பால், நேசப்படைகள் இறங்கியிருந்த கரைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. கிடைத்த மீன் படகுகளை எல்லாம் சேர்த்தார்கள். ஆளுக்கு ஒரு மூட்டைதான்.

அன்று காலை முழு ஊரும் துறைமுகத்தில் இருந்தது. பர்துல் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஷிமே ரொட்டி மூட்டைகளைப் படகுக்கு இறக்கிக்கொண்டிருந்தான். டின்கா கூட்டத்துக்குப் பின்னால், வலை காயப்போடும் கம்பத்தருகே நின்றாள். கிட்டே போகும் எண்ணம் இல்லை. போய்ச் சேரட்டும் என்று பார்க்க வந்தாள்.

ரீஃப்காவின் பெயர் வந்தது. அவள் படகைப் பார்த்து நடக்கவில்லை. கூட்டத்துக்குள் திரும்பி நடந்தாள். ஆட்கள் விலகினார்கள். பர்துல் பெயரை இரண்டாம் முறை படித்தார். அவள் கம்பத்தருகே வந்து நின்றாள்.

“படகு உயரமா இருக்கு,” என்றாள். “ஏறுற வரைக்கும் இதைப் பிடிச்சுக்கறீங்களா? என்கிட்ட இருக்கறதெல்லாம் இதுலதான் இருக்கு.”

மூட்டையை டின்காவின் கைகளில் வைத்தாள். டின்கா வாங்கிக்கொண்டாள். வாங்கிய கை பழக்கத்தில் எடையைப் பார்த்தது. இருவரும் கல்தரையில் படகு வரை நடந்தார்கள். படகோட்டி கை நீட்டினான். ரீஃப்கா ஏறவில்லை. திரும்பி, டின்காவின் கையிலிருந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, சதுரமாக மடித்த வெள்ளைத் துணிகள். ஒன்று, இரண்டு என்று விரலால் புரட்டினாள். ஆறு. ஒன்றை எடுத்து உதறி விரித்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக முகம் துடைத்தாள், கண் துடைத்தாள், மூக்கைச் சிந்தினாள். ஆறு மாதமாகச் செய்யாததைச் செய்கிறவள் போலச் செய்தாள். மூலையில் சிவப்பாகப் பதினான்கு தெரிந்தது.

“அன்னைக்குச் சட்டை மட்டும்னா அந்த ஆளு நம்பியிருக்க மாட்டான்,” என்றாள் மெல்ல. “ஒண்ணு மட்டும் எடுக்கற திருடி யாரு இருக்கா? கடையில நான் பாத்ததே இல்ல. அதான் சேத்துச் சொன்னேன். அதுக்கப்புறம் இதை வெளியில எடுக்கவே முடியல.”

“கேக்காமலே சேத்துட்டீங்க,” என்றாள் டின்கா. குரல் அவளுக்கே கரகரப்பாகக் கேட்டது.

“நீங்களும் கேக்காமத்தான் பழியை ஏத்துக்கிட்டீங்க.”

பர்துல் பட்டியலைத் தாழ்த்திவிட்டு அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டி மூட்டையோடு ஷிமே பாதிப்படியில் நின்றுவிட்டான். வாடகை வீட்டுக்காரி பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ கேட்டாள். ரீஃப்கா கைக்குட்டையைச் சட்டைக்கைக்குள் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். டின்கா மூட்டையை மறுபடி கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, மேலே கொடுத்தாள்.

படகுகள் முனையைத் தாண்டும்வரை ஊர் நின்றது. பிறகு கலைந்தது. ஷிமே பக்கத்தில் வந்து நடந்தான்.

“கேட்டிருக்கக் கூடாது,” என்றான் கடைசியில். “அன்னைக்கு உன் வாசல்ல.”

டின்கா கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

“மடிப்புப் பாத்தியா?” என்றாள். “ஒண்ணுகூட நேரா இல்ல. நான் போனதுலருந்து யாரும் தேய்க்கல போலிருக்கு.”

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது வாசற்படியில் மூன்று மூட்டைகள் இருந்தன. ஒன்று வாடகை வீட்டுக்காரியுடையது. கொண்டுவந்து வைத்தவர்கள் யாரும் எண்ணிக் கொடுக்க அங்கே நிற்கவில்லை. டின்கா படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, தானே எண்ணிக்கொண்டாள்.